பெப்பு நகரில் அடுப்பில்லாமல் சமைக்கிறார்களாமே, எப்படி?

ஜப்பானின் கியூஷூ தீவில் இருக்கிறது பெப்பு, பழைய வெந்நீர் ஊற்று நகரம். கன்னாவா பகுதியில் நடந்தால் தெருவோரச் சாக்கடை மூடி வழியாகக்கூட வெள்ளை வெளேரென்று ஆவி எழும். அந்த ஆவியிலேயே உணவை வேகவைப்பதுதான் 'ஜிகோகு மூஷி'.

ஆவி எங்கிருந்து வருகிறது? மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் மழைநீர், எரிமலைச் சூட்டில் 100 டிகிரியையும் தாண்டிச் சூடேறுகிறது. ஆழத்திலுள்ள அழுத்தம் அதை ஆவியாக விடாது. மேலே ஏறி அழுத்தம் குறைந்ததும் குபுக்கென்று ஆவியாகிறது. குக்கர் வெயிட்டைத் தூக்கினால் சீறுமே, அதே கதைதான்.

காசு கட்டினால் முட்டை, நண்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி நீங்களே வேகவைக்கலாம். என்னைக் கேட்டால் கிழங்குக்குத்தான் முதலிடம். குளிக்க 1879இல் தொடங்கிய டாக்கேகவாரா போன்ற குளியலகங்கள் உண்டு. அங்கே சுடுமணலில் கழுத்துவரை புதைத்தும் விடுவார்கள்!

நீலமாக மினுங்கும் 'உமி ஜிகோகு' குளத்தைப் படத்தில் பார்த்துவிட்டு அதில் இறங்கிக் குளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அதன் வெப்பம் சுமார் 98 டிகிரி, பார்க்க மட்டுமே.