டிவியில் விசில் இல்லை, என் மகனுக்கு மட்டும் பெனால்டியா?

கேள்வி: நாங்கள் மேற்கு லண்டனில் இருக்கிறோம். 15 வயது மகன் உள்ளூர் கிளப்பில் ரக்பி ஆடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை எதிரணிப் பையனை நெஞ்சோடு அணைத்து நிறுத்தினான். கழுத்தைத் தொடவே இல்லை. ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார், மறுபடி அப்படிச் செய்ததும் மஞ்சள் அட்டை. அன்று மாலை டிவியில் பிரீமியர்ஷிப் (இங்கிலாந்தின் மேல்மட்டத் தொழில்முறை ரக்பி) ஆட்டம் பார்த்தோம். அதே மாதிரிதான் பிடித்தார்கள், யாரும் ஊதவில்லை. அணியில் இன்னொரு பையனின் அப்பா, "இது சோதனை விதிதான், சீக்கிரம் போய்விடும்" என்கிறார். அவரே, புது விதி டாக்கிளுக்கு (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதற்கு) சான்றிதழ் தரும் வகுப்பும் தலைக்கவசமும் சேர்த்து 240 பவுண்டு என்று ஒருவரைச் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மகனுக்கு ஊதிய ரெஃப்ரி செய்தது சரி. டிவியில் ஊதாமல் விட்டவர் செய்ததும் சரி. இரண்டு ஆட்டத்துக்கும் கோடு வேறு. உலகப் பொது விதிப்படி தோள் கோட்டுக்கு மேலே பிடிக்கக் கூடாது; பிரீமியர்ஷிப் ஆடுவது அதன்படிதான். ஆனால் இங்கிலாந்தில் 2023 ஜூலை 1 முதல் ஊர்க் கிளப், பள்ளி, சிறுவர் ஆட்டங்களுக்கு அந்தக் கோட்டை நெஞ்செலும்பின் அடிமுனைக்கு இறக்கிவிட்டார்கள். நம் வீட்டு வார்த்தையில் சொன்னால் நெஞ்சுக்குழி.

மகனை நிற்க வைத்து, விலா எலும்புகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் இடத்தில் விரலை வைக்கச் சொல்லுங்கள். எலும்பு முடிந்து மெத்தென்று உள்ளே போகும். கோடு அங்கேதான். ஒரு பழைய ஜெர்சியில் அந்த உயரத்தில் சுற்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, அவன் நண்பனுக்குப் போட்டுவிடுங்கள். தோட்டத்தில் நடை வேகத்தில் பத்து முறை பிடித்துப் பார்க்கட்டும். "நெஞ்சில்தானே பிடித்தேன்" என்று அவன் சொல்லும் இடம் டேப்புக்கு ஒரு சாண் மேலே இருக்கும். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் விசிலோடு ஓடுகிறேன். பையன்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. இடுப்பைக் குறிவைத்தால்தான் கை நெஞ்சுக்குழிக்குக் கீழே முடியும். நெஞ்சுக்குழியைக் குறிவைப்பவன் கை கழுத்துப் பக்கம்தான் போகும்.

ஏன் இறக்கினார்கள்? பந்தோடு ஓடுபவனைக் காப்பாற்ற என்றுதான் பெற்றோர்கள் நினைக்கிறார்கள். அதிகம் அடிபடுவது பிடிக்கப் போகிறவன். தலையில் அடிபட்டுப் பரிசோதனைக்குப் போன 611 சம்பவங்களின் வீடியோவை உலக ரக்பி அமைப்புக்காக ஆராய்ந்தபோது, நான்கில் மூன்று டாக்கிளில் நடந்தவை. அவற்றிலும் பத்துக்கு ஏழுக்கு மேல் டாக்கிள் செய்தவனுக்கே அடி. நிமிர்ந்து நின்று பிடிக்கிறவன் தலையும் எதிராளியின் தலையும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இதில் நுணுக்கம் ஒன்றும் இல்லை.

"சோதனை" என்ற வார்த்தைதான் எல்லாரையும் கெடுக்கிறது. சோதனை விதி என்றால் அரை விதி என்று நினைக்கிறார்கள். நடப்பில் இருக்கும் வரை அது முழு விதி. முழுத் தண்டனை உண்டு. போய்விடுமா என்று கேட்டால், சிலது போயிருக்கிறது. 2008-ல் மோலை (பந்து வைத்திருப்பவரைச் சுற்றி இரண்டு அணியும் நின்றபடி தள்ளும் கூட்டத்தை) சரிக்கலாம் என்று உலகம் முழுக்கச் சோதனை விட்டு, அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். சிலது நிலைத்துவிட்டது. தன் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிராளியின் 22 மீட்டர் பகுதியில் வெளியே போனால் லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது) பந்து உதைத்த அணிக்கே என்ற 50:22 விதி, 2021-ல் சோதனையாக வந்து இன்று நிரந்தரம். தலையைக் காக்க வந்த விதி பின்வாங்கும் என்று நம்பி ஒரு பையனைப் பழக்குவது வீண்.

இனி ஒரு விஷயம். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மைதான ஓரத்தில் நடக்கும் சண்டையில் பாதி இதில்தான். பந்தோடு வருபவன் குனிந்தால் என்ன ஆகும்? அவன் குனியக் குனிய அவன் நெஞ்சுக்குழியும் இறங்குகிறது, கோடும் இறங்குகிறது. தூரத்திலிருந்தே குனிந்து வருகிறான் என்றால் உங்கள் மகன் இன்னும் தாழ வேண்டும். கடைசி நொடியில் சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு முட்டுகிறான் என்றால் கதை வேறு. உங்கள் மகன் முன்பே முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, தாழ்வாக வந்துகொண்டிருந்தானா என்று ரெஃப்ரி பார்ப்பார். வந்திருந்தால், எதிராளி திடீரென்று குனிந்ததைக் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் குறைக்க இடம் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே விறைப்பாக நிமிர்ந்து வந்திருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. "அவன்தான் குனிந்தான்" என்று பெற்றோர்கள் கத்துவது எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் நான் பார்ப்பது உங்கள் மகனின் முழங்காலை. பந்தோடு ஓடுபவர்களும் கடைசி நேரத்தில் குனியாமல் விலகி ஓடப் பழக வேண்டும் என்று இதே மாற்றத்தில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகன் பந்து பிடித்து ஓடும்போது அதையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கலாம், தடை இல்லை. ஆனால் இரண்டாவது ஆளுக்கும் அதே கோடுதான்.

பெற்றோர் குழம்புவதில் தப்பே இல்லை, குழப்பியது மேலே இருப்பவர்கள். 2023 ஜனவரியில் இங்கிலாந்து ரக்பி யூனியன் "இடுப்புக்குக் கீழே" என்று அறிவித்தது. கிளப்புகளைச் சரியாகக் கலந்து பேசவில்லை. நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், யூனியன் மன்னிப்புக் கேட்டது, பிறகு கோடு நெஞ்சுக்குழிக்கு ஏறியது. பிரான்ஸ் 2019-லேயே ஊர் ஆட்டங்களில் இடுப்புக்கு இறக்கியிருந்தது, அதுவும் 2018-ல் இளம் ஆட்டக்காரர்கள் உயிர் போன பிறகு. அதைப் பார்த்தும் இங்கே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பக்கம் பக்கமாக மின்னஞ்சல் வந்தது. சம்பளம் வாங்காத கோச்சும், சனிக்கிழமை வேலை முடித்து வரும் ரெஃப்ரியும்தான் அதை மழையில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கினோம். அதே வாரம் டிவியில் அவர்களுடைய நாயகர்கள் நெஞ்சு உயரத்தில் மோதினார்கள். 15 வயதுப் பையன் எதைப் பார்த்துக் கற்பான்?

இந்த இடைவெளியில்தான் 240 பவுண்டுக்காரர்கள் நுழைகிறார்கள். ஆட்டக்காரன் டாக்கிள் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கோச்சுகளுக்கும் பெற்றோருக்குமான விளக்க வீடியோக்களை யூனியனே இலவசமாக வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், லேமினேட் செய்த அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு பையன் ஆட்டத்துக்கு முன்பு என்னிடம் பெருமையாக நீட்டினான். ஏழாவது நிமிடத்தில் நிமிர்ந்து நின்று பிடித்து, மூக்கில் ரத்தத்தோடு வெளியே போனான். அவன் அம்மா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தலைக்கவசமும் அப்படித்தான். அந்த மெத்தைத் தொப்பி காது நசுங்காமல், தலைத் தோல் கிழியாமல், சிராய்ப்பு வராமல் காக்கும். அதற்காக வாங்குங்கள், போடுங்கள். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் வாங்காமல் திரும்புங்கள். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை வெளியே இருக்கும் ஒரு விரல் தடிமன் ஸ்பாஞ்ச் நிறுத்தாது. போட்ட பையன் தைரியமாகத் தலையை விடுகிறான் என்பதுதான் என் பயம்.

டிவியில் பார்த்திருப்பீர்கள், சிவப்பு அட்டை வாங்கினால் 20 நிமிடம் கழித்து மாற்று ஆள் வரும் ஏற்பாடு. அது பெரிய போட்டிகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சிவப்பு என்றால் அந்த இடம் கடைசி வரை காலிதான்.

மகன் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்று மறுபடி இறங்கவே கூடாது. போட்டிக்குக் குறைந்தது 21 நாள் கழித்துத்தான். மோதல் பயிற்சிக்கு முன் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க வேண்டும். 28 நாளாகியும் தலைவலியோ மயக்கமோ இருந்தால் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த வாரம் அரையிறுதி என்று யார் சொன்னாலும் நாளைக் குறைக்காதீர்கள், கோச் சொன்னாலும்.

வருகிற வியாழக்கிழமைப் பயிற்சிக்கு அந்த டேப் ஒட்டிய ஜெர்சியைக் கொண்டுபோய் கோச்சிடம் கொடுங்கள். பத்து நிமிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார். மற்றப் பையன்களும் போட்டுப் பார்க்கட்டும்.