துவக்கு வேண்டாம் தம்பி, மச்சானை பைனாகுலர் கொண்டுவரச் சொல்லுங்கோ

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளி. என்ட மச்சான் ஒருத்தர் டொரொன்டோ பக்கம் இருக்கிறார், அங்க வருஷா வருஷம் சிநேகிதர்மாரோட தாரா (காட்டு வாத்து) வேட்டைக்குப் போறவர், கைட் ஒருத்தரும் பிடிக்காம தாங்களே இடம் தேடி குறைஞ்ச செலவில போட்டு வருவினமாம். வாற தை (ஜனவரி) மாசம் இஞ்ச வாறார். "கந்தளாய், கொக்கிளாய்ப் பக்கமெல்லாம் நிறைய தாரா இறங்குதாமே, மூண்டு நாளைக்கு ஒரு வேட்டை ஒழுங்கு பண்ணு, காசு கனக்க செலவழிக்காத" எண்டு வொட்ஸ்அப்பில ஒரே வொய்ஸ். தெரிஞ்ச வயல்காரர் ஒருத்தரிட்ட துவக்கும் இருக்கு. செய்யலாமா, எப்பிடி பிளான் பண்ணுறது?

பதில்: தம்பி, முதல்ல வேட்டைக் கதைய முடிச்சுக்கொண்டு மற்றதுக்கு வருவம். இஞ்ச தாரா சுடேலாது. 1937ம் ஆண்டு வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 2009ல திருத்தி இன்னும் இறுக்கினவை, அதின்படி பறவையெண்டா பொதுவா எல்லாமே பாதுகாப்பில, விதிவிலக்கு எண்டு ஒரு சின்னப் பட்டியல்தான், அதில தாராவும் இல்லை, சிறகி எண்ட சின்ன வகைத் தாராவும் இல்லை. கொக்கிளாய்க் களப்பு 1951லயே சரணாலயம் ஆக்கின இடம். வயல்காரரிட்ட இருக்கிற துவக்கு, அவர்ட பேரில அவர்ட பயிரைக் காக்க லைசன்ஸ் குடுத்தது, அதை உங்கட மச்சான்ட கையில குடுத்தா முதல்ல மாட்டுப்படுறது அந்த மனுசன்தான். உங்களுக்கு உதவி செய்யப்போய் அவர் பொலிஸுக்கும் கோட்டுக்கும் அலையக்கூடாது.

சட்டத்தை ஒரு பக்கம் வைப்பம். விடிய இருட்டோட களப்புக்குள்ள இறால் பிடிக்கிற சனம் இடுப்பளவு தண்ணியில நிக்கும், அந்த நேரம் கரையில நிண்டு ஒருத்தர் டுமீல் எண்டு ஒரு வெடி வச்சா அதுகள் என்ன நினைக்கும்? எங்கட ஊரில துவக்குச் சத்தத்துக்கு எவ்வளவு பேர் என்னென்னத்தை குடுத்திருக்கினம். எனக்கு இப்பவும் எங்கையாவது யானை விரட்டப் போடுற வெடி கேட்டாலே ஒரு செக்கன் கை நிண்டுதான் பிறகு வேலை செய்யும். மச்சான் சின்ன வயசிலயே வெளிநாடு போயிருந்தா இது அவருக்கு விளங்காது, நீங்கதான் சொல்லோணும், கோவிக்காம சொல்லுங்கோ.

ஆனா அவரை கெட்ட ஆளெண்டு நினைச்சிராதேங்கோ. கனடாவில அந்த வேட்டை நல்ல ஒழுங்கோட நடக்கிற விஷயம். துவக்கு லைசன்ஸ் வேற, புலம்பெயர் பறவை வேட்டைக்கு பெர்மிட் வேற, அந்த பெர்மிட்டோட வாழிடப் பாதுகாப்பு முத்திரை ஒண்டும் காசு குடுத்து வாங்கோணும், அந்தக் காசு சதுப்புநிலங்களைக் காக்கப் போகுது. சீசன் திறக்கிற நாள் இருக்கு, மூடுற நாள் இருக்கு. ஒன்டாரியோவில ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு தாராதான், துவக்குக்குள்ள மூண்டு தோட்டாவுக்கு மேல போகாதபடி அடைப்புப் போட்டிருக்கோணும். 1999ல இருந்து இந்தப் பறவைகளுக்கு ஈயக் குண்டும் தடை, ஏனெண்டா சேத்துக்குள்ள விழுந்து கிடக்கிற ஈயக் குண்டுகளை தாரா இரை அரைக்க விழுங்கிற சின்னக் கல்லெண்டு நினைச்சு விழுங்கி, நஞ்சேறி செத்துக்கொண்டு இருந்தது. இவ்வளவும் கடைப்பிடிக்கிற ஆளுக்கு "எங்கட ஊரில இதுக்கு சீசனே திறக்கிறதில்ல மச்சான்" எண்டா அந்த ஒரு வசனமே போதும், டக்கெண்டு பிடிச்சிடுவார்.

இனி நல்ல பகுதி. அவர்ட பயணத்தில துவக்கை மட்டும் எடுத்துப்போட்டா மிச்சம் முழுக்க இஞ்ச செய்யலாம், அதுவும் கைட் இல்லாம, மிச்சம் குறைஞ்ச காசில. முதல் நாள் பின்னேரம் போய் பறவை எங்க இறங்குது எண்டு பாத்து வைக்கிறது, காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கிறது, இருட்டோட போய் மறைப்பில குந்தியிருக்கிறது, சத்தம் போடாம இருக்கிறது, வேட்டைக்காரர் இதில கெட்டிக்காரர். தாரா எப்பவும் காத்துக்கு எதிராத்தான் இறங்கும், அதால காத்து உங்கட முதுகில பட இருந்தா கூட்டம் நேரா முகத்துக்கு நேர வரும். தையில எங்கட பக்கம் வடகீழ்க் காத்து, வெயிலும் விடிய கிழக்கில, ஆகவே வடகிழக்கை முதுகுக்குக் குடுத்து இருங்கோ, ரெண்டும் சரியா வரும்.

மாசத்தைப் பற்றி ஒண்டு சொல்லோணும். தை முதல் பாதியில மழை இன்னும் விட்டிருக்காது, குளமெல்லாம் வாய்க்கு வாய் நிறைஞ்சு பறவை சிதறிப் போயிருக்கும். ஏலுமெண்டா தைப்பொங்கலுக்குப் பிறகு, மாசி வரைக்கும் தள்ளச் சொல்லுங்கோ. தண்ணி வத்த வத்த சேறு தெரியும், சேறு தெரிஞ்சா இரையும் அங்க, பறவையும் அங்க.

முதல் நாள் நிலாவெளி. உங்கட வீட்டில இருந்து மோட்டர்சைக்கிள்ல போற தூரம், இல்லாட்டி புல்மோட்டை பஸ்ஸில ஏறி இறங்கலாம். கடற்கரையைப் பாத்துக்கொண்டு போகாம மேற்குப் பக்கம் களப்பைப் பாருங்கோ, இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் நிண்டு நிண்டு போகலாம். ஆறு மணிக்கு முன்னம் நிண்டா சரி. முதல்ல தண்ணியில கறுப்புப் புள்ளி மாதிரித்தான் தெரியும், வெளிச்சம் வர வரத்தான் பிரியும். கழுத்து நீண்டு வால் ஊசி மாதிரி நிண்டா ஊசிவால் வாத்து. சொண்டு கரண்டி மாதிரி அகண்டிருந்தா தட்டைவாயன். சின்ன உடம்பு, கூட்டமா நிக்கும், ஆணுக்கு கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் வளைஞ்சு போகும், அது நீலச்சிறகி, எங்கட நாட்டுக்கு வாற தாராக்களில ஆகக் கூட வாறதில அதுவும் ஒண்டு. ஆனா சீசன் தொடக்கத்தில ஆணும் பொட்டை மாதிரி மண்ணிறமாத்தான் இருக்கும், மாசியை நெருங்கத்தான் புருவம் பளிச்செண்டு வரும், நான் கன நாள் இதில ஏமாந்து எல்லாத்தையும் பொட்டை எண்டு எழுதி வச்சிருந்தன். கரைச் சேத்தில கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, உள்ளான் வகை எல்லாம் நிக்கும், அதிர்ஷ்டம் இருந்தா பூநாரையும்.

ரெண்டாம் நாள் கந்தளாய். பஸ் நிறைய, கொழும்பு ரெயில்ல போனாலும் கந்தளாய் ஸ்டேஷன்ல இறங்கலாம். 1986ல உடைஞ்ச கட்டு இதுதான், இப்ப அந்தக் கட்டில நிண்டே கனக்கப் பாக்கலாம். இஞ்ச வெளிநாட்டு விருந்தாளியவிட ஊர்ப் பறவைதான் முக்கியம்: சீழ்க்கைச் சிறகி, பறக்கேக்க சீழ்க்கை அடிச்சுக்கொண்டே போகும், மரத்திலயும் ஏறி நிக்கும். தாமரை இருக்கிற மூலையில குள்ளத் தாரா, நீலத் தாழைக்கோழி, இலைக்கு மேல நடக்கிற இலைக்கோழி. ஒரே ஒரு எச்சரிக்கை, கந்தளாயில நிலாவெளி மாதிரி இருட்டோட போகாதேங்கோ, யானை நடமாட்டம் இருக்கிற பக்கம், வெளிச்சம் வந்தாப் பிறகு போங்கோ, இருட்ட முதல் திரும்புங்கோ. குளத்து ஓரத்தில முதலை இருக்கும், தண்ணிக்குள்ள கால் வைக்கிற வேலை வேண்டாம்.

மூண்டாம் நாள் மச்சானுக்கு களைப்பில்லாட்டி கொக்கிளாய். தூரம் கூட, ஆனா அங்க இருக்கிற அமைதி வேற எங்கையும் இல்ல. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கையாவது கண்டா அந்தப் பக்கமே போகாதேங்கோ, சனம் நடக்கிற பாதைய விட்டு இறங்காதேங்கோ. சீனன்குடா விமானப்படைத் தளம், நேவி பேஸ் பக்கம் பெரிய லென்ஸ் நீட்டுறதும் வேண்டாம், ட்ரோன் எண்டா அனுமதி இல்லாம பெட்டியில இருந்தே எடுக்கக்கூடாது.

செலவு பாத்தா, தங்கிறது உங்கட வீடு, சாப்பாடு வீட்டில கட்டின இடியப்பமும் சம்பலும், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. பெற்றோலும் பஸ் காசும்தான். ஆகக் கூடின செலவு பைனாகுலர், அது அவர்ட வேட்டைச் சாமானுக்குள்ளயே இருக்கும், 8 × 42 எண்டு போட்டிருந்தா களப்புக்கு அருமை, மங்கல் வெளிச்சத்திலயும் தெரியும். உருமறைப்பு உடுப்பு மட்டும் கொண்டுவர வேண்டாமெண்டு கட்டாயம் சொல்லுங்கோ, அது இஞ்ச ஆமி உடுப்பு, சிக்கல் வரும். பச்சையோ மண்ணிறமோ சாதாரண சேட் போதும். போன்ல பறவையை அடையாளம் காட்டுற மெர்லின் எண்ட அப் இலவசம், வீட்டில வைஃபை இருக்கேக்கயே இந்தப் பக்கத்துப் பறவைத் தொகுப்பை இறக்கி வையுங்கோ, களப்பில சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும்.

படகு கேக்கிறதெண்டா களப்பில தொழில் செய்யிற ஆக்களிட்ட கேளுங்கோ, அவையின்ர ஒரு விடியத் தொழில் போகுது, பேரம் பேசாம குடுங்கோ, இதில மட்டும் காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. ஆனா கூட்டத்துக்குள்ள விடச் சொல்லாதேங்கோ. எனக்கு ஒருக்கா நடந்தது, படகுக்காரர் எனக்கு நல்ல படம் கிடைக்கட்டும் எண்டு எஞ்சினோட நடுவால விட்டார், அவ்வளவும் ஒரே எழும்பல், வானம் கறுத்துப் போச்சு, பாக்க வடிவாத்தான் இருந்தது. அந்தக் கூட்டம் அண்டைக்கு திரும்பி இறங்கவே இல்ல. மத்திய ஆசியா, சைபீரியா எண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பு, திரும்பிப் போகவும் கொழுப்புச் சேர்க்கோணும், ஒவ்வொரு எழும்பலும் அந்தச் சேமிப்பில இருந்துதான் போகுது. அந்தப் படத்தை நான் ஒருத்தருக்கும் காட்டினதில்ல.

மச்சானுக்கு தாரா இறைச்சிதான் ஆசையெண்டா வளர்ப்புத் தாரா ஒண்டு வாங்கி, மிளகு கூடப் போட்டு கறி வையுங்கோ, அது ஒரு பிரச்சினையும் இல்ல.

போட்டு வந்து கட்டாயம் எழுதுங்கோ. வெள்ளைப் புருவத்தோட நீலச்சிறகி ஆண் கண்டா திகதி, நேரம், எந்தக் கரை, எத்தினை நிண்டது எண்டும் போடுங்கோ, நானும் என்ட கொப்பியில குறிச்சு வைக்கிறன்.