லிஃப்ட் செய்த வண்டி, தீராத சத்தம்: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய எஸ்.யூ.வி.க்கு 2 இன்ச் லிஃப்ட் கிட்டும் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்) பெரிய டயரும் போட்டேன். ஒரு வருடம் கழித்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஷாக் அப்சார்பர், அப்புறம் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை), கடைசியாக ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) என்று மூன்று தடவை மாற்றினார்கள். மொத்தம் 86,000 ரூபாய். சத்தம் அப்படியே இருக்கிறது. வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, மேல் பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் உருண்டை மூட்டு) தேய்ந்திருக்கிறது, புது லோயர் ஆர்மின் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது என்கிறார். பழைய ஒர்க்‌ஷாப்போ, ‘லிஃப்ட் செய்த வண்டிக்கு கேரண்டி கிடையாது’ என்று கைவிரிக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கின் முக்கால்வாசி சாட்சியம் இப்போது அந்த வண்டியின் அடியில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு புது மெக்கானிக்கிடம் ‘எல்லாத்தையும் மாத்திடுங்க’ என்று சொல்லிவிட்டால் சாட்சியமும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எனவே நோட்டீஸ், வழக்கு எல்லாம் பிறகு. முதலில் வண்டியின் இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்.

எப்படி? அந்த ஒர்க்‌ஷாப்போடு சம்பந்தமில்லாத ஒருவர் வேண்டும். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் அல்லது ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் கிடைத்தால் நல்லது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங் ஆட்டம் தெரியும். இடதும் வலதும் பிடித்து ஆட்டினால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ஆட்டம் தெரியும். புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் கிலோமீட்டர் மீட்டரும் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வரும்படி பழைய ஒர்க்‌ஷாப்புக்கும் தேதி குறிப்பிட்டு எழுதிவிடுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

ஆய்வாளரிடம் ஒரு விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டை, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புஷ்ஷில் இருக்கும் ரப்பர் நிரந்தரமாகத் திருகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். உங்கள் புஷ் கிழிந்ததற்குக் காரணம் அதுதானா, லிஃப்ட்டால் மாறிய கோணமா, மட்டமான பாகமா என்று அவர் எழுதித் தர வேண்டும். முதல் காரணம் என்றால் லிஃப்ட்டின் மேல் பழியைப் போட்டு அவர்கள் தப்பிக்க முடியாது. பால் ஜாயிண்ட்டைச் சோதிக்காமலே ராக்கை மாற்றியதும் அப்படித்தான். ஆட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இருக்க வேண்டிய தரம் இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. ‘லிஃப்ட் வண்டிக்கு கேரண்டி இல்லை’ என்பதை உங்களிடம் முன்பே சொன்னார்களா? ஜாப் கார்டை (வண்டியை விடும்போது வேலை விவரம் எழுதித் தரும் சீட்டு) தேடிப் பாருங்கள். லிஃப்ட் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். தெரிந்தே வண்டியை எடுத்து, மூன்று பில்லும் போட்டுவிட்டு, சத்தம் போகாதபோது மட்டும் லிஃப்ட்டைக் காட்டுவது எடுபடுவது கஷ்டம். வண்டியைத் தயாரித்த கம்பெனி மீது வழக்கு என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே லிஃப்ட் உங்களைக் கவிழ்த்துவிடும்.

நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். பாகங்களைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி பிரிவு 38-ன் கீழ் கேட்கலாம். வாட்ஸ்அப் உரையாடல்களைத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்; ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், எதிர்தரப்புக்கு வாய்ப்பு கொடுப்பானேன்? பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த தொகை ஏதாவது இருந்தால் என்னிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பில் தராததும் இந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான்.

என்ன கேட்பது? தேவையில்லாமல் மாற்றிய ராக்கின் விலை, லோயர் ஆர்ம் வேலையை மறுபடி செய்யும் செலவு, ஆய்வுச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. ஷாக் அப்சார்பர் உண்மையிலேயே கசிந்துகொண்டிருந்தால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். 10 லட்சம் நஷ்டஈடு என்று எழுதச் சொல்லி வருபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் மனுவின் மீதே நம்பிக்கை போய்விடும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரிவு 182ஏ(4)-ன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மனு போட்டால் லிஃப்ட் விஷயம் பதிவாகிவிடுமே என்று பயந்து அதை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து போய்விடும். நீங்களே சொல்லி, ஆய்வு முடிந்ததும் பழைய ஸ்பிரிங்கும் ஒரிஜினல் அளவு டயரும் மாட்டிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் லிஃப்ட்டோடு ஓட்டுவதும் ஆபத்து. விபத்து நடந்தால் உங்கள் வண்டிக்கான க்ளைமில் கை வைக்க அவர்களுக்கு அது போதுமான சாக்கு.

ஆய்வு முடியும்வரை ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு இந்த வண்டியை எடுக்காதீர்கள். தேய்ந்த பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் அது நடக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்கு வக்கீல் நோட்டீஸில் 15 நாள் அவகாசம் கொடுப்போம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் அதில் கேட்போம். புது மெக்கானிக் கழற்றும் பால் ஜாயிண்ட்டையும் புஷ்ஷையும் கழுவாமல், கிரீஸோடு அப்படியே ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, சீல் வைத்து வாங்கி வாருங்கள்.