பரணில் ஏறிய இரும்புக் குண்டுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது 71. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். பஞ்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு வகை மாத்திரைகள் சாப்பிடுகிறேன், இன்சுலின் இல்லை. ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே மாலை வேளைகளில் நண்பர்களோடு பெத்தாங்க் என்ற குண்டெறியும் ஆட்டம் ஆடிவந்தேன். நான்கு மாதங்களுக்கு முன் ஆட்டத்தின் நடுவே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, எறிய எடுத்த குண்டு என் காலடியிலேயே விழுந்துவிட்டது. நண்பர்கள் என்னை உட்காரவைத்துச் சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தெளிந்தேன். அன்றோடு என் மனைவியும் மகனும் ஆட்டத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள். குண்டுகள் பரணில் ஏறிவிட்டன. இப்போது காலையில் மொட்டைமாடியில் 20 நிமிடம் நடக்கிறேன், தொலைக்காட்சி பார்க்கிறேன், சுகர் பார்க்கிறேன். ஆடிய நாட்களைவிட இப்போதுதான் சுகர் ஏறி நிற்கிறது. நான் இந்த வயதில் ஆடப் போனது தவறா? சுகர் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு மிச்ச நாட்களை ஓட்டிவிட வேண்டியதுதானா?

பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டை.

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நான் மருத்துவன் அல்லன். 19 ஆண்டுகளாக இதே நோயோடு இதே ஊரில் வாழ்பவன் என்ற தகுதியில் மட்டுமே பதில் எழுதுகிறேன். நீங்கள் ஆடப் போனதில் தவறில்லை. அன்றைக்கு மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இடையில் கணக்குத் தவறியிருக்கிறது. கணக்கராக இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஏட்டில் பிழை கண்டால் பிழையைத் திருத்துவோமே தவிர ஏட்டைத் தூக்கிப் பரணில் போட மாட்டோம். உங்கள் வீட்டார் அன்பினால் ஏட்டையே பரணில் போட்டுவிட்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். பெத்தாங்க், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கங்களில் புதுச்சேரி இன்னும் கைவிடாத ஒன்று. தரையில் போட்ட சிறு வட்டத்துக்குள் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறிய மரக்குண்டுக்கு அருகில் போய் நிற்கும்படி, முக்கால் கிலோ அளவுள்ள இரும்புக் குண்டை எறிய வேண்டும். முதலில் 13 புள்ளி எடுக்கும் அணி வெல்லும். இது பிறந்த கதைதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது. தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓடிவந்து குண்டெறியும் பழைய ஆட்டத்தில் தேர்ந்தவராக இருந்த ஜூல் லெனுவார் என்பவர் மூட்டுவாதத்தால் ஓட முடியாமல் போனபோது, அவரும் ஆட வேண்டும் என்பதற்காக ஓட்டத்தை எடுத்துவிட்டு, தூரத்தைக் குறைத்து, நின்ற இடத்திலிருந்தே எறியும்படி விதியை மாற்றினார்கள் என்று சொல்லப்படுகிறது. கால்களை ஊன்றி நிற்பது என்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. நோயாளியை விலக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடராமல், அவருக்கேற்ப ஆட்டத்தை மாற்றியவர்கள் அவர்கள். உங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது.

அன்று என்ன நடந்திருக்கும்? நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளில் ஒன்று மெட்பார்மினாக இருக்கலாம். அது மட்டும் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளுவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற வகை மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா, ஆடினீர்களா படுத்திருந்தீர்களா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர், நாலு மணிக்குச் சர்க்கரையில்லாத தேநீரை மட்டும் குடித்துவிட்டு, ஐந்திலிருந்து ஏழு வரை நின்றும் நடந்தும் குனிந்தும் ஆடினால், தசைகள் ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்க, மாத்திரை மறுபக்கம் இழுக்க, அளவு 70-க்குக் கீழே போவது எதிர்பார்க்கக் கூடியதே. நம் வயதில் சிறுநீரகம் சற்று மந்தமாகிவிட்டால் இந்த மாத்திரைகள் உடலில் கூடுதல் நேரம் தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே நீங்கள் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். போய், "தலை சுற்றியது" என்று மொட்டையாகச் சொல்லாமல், மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு, ஆட்டம் தொடங்கி எவ்வளவு நேரத்தில் வியர்த்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா, ஆட்டத்துக்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல் போதுமா என்பதை அவர் முடிவு செய்வார். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இடையில் ஒன்று. நம் தெருக்களில் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையின் எண்ணைப் பரீட்சை மார்க் போலச் சொல்லிப் பெருமைப்படும் வழக்கம் வந்துவிட்டது. 75 வயதுக்காரர் ஒருவர் "எனக்கு 6.2" என்று என்னிடம் சொன்னபோது எனக்குப் பொறாமை வரவில்லை, பயம்தான் வந்தது. முதியவர்களுக்கு, உடல்நிலையைப் பொறுத்து, 7.5 வரையிலும், வேறு நோய்கள் சேர்ந்திருந்தால் 8 வரையிலும்கூட மருத்துவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். கூடிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். குறைந்த சர்க்கரை ஐந்து நிமிடத்தில் கீழே தள்ளி இடுப்பெலும்பை முறித்துவிடும்.

ஆட்டத்தை விட்ட பிறகு சுகர் ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வியப்பில்லை. உழைக்கும் தசை இன்சுலினின் தயவு அதிகம் இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அந்தப் பசி ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு நாள் வரை நீடிக்கும். இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு மொட்டைமாடியின் 20 நிமிடம் ஈடாகாது. நடக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே வேளையாக நடக்காமல் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதன் பலன் மறுநாள் காலை சுகர் மெஷினில் எனக்குத் தெரிகிறது. நம் கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வண்டிகளை விடுவதில்லை என்பது, வயதானவர்களுக்கு இந்த ஊர் செய்திருக்கும் பெரிய உபகாரம்.

அந்தச் சாலையில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு மாலை காந்தி சிலையிலிருந்து பழைய சாராய ஆலைப் பக்கம் வரை இருமுறை போய்வந்து, வீட்டில் ஷூவைக் கழற்றினால் காலுறை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக் கழற்றினேன், இரத்தம். ஷூவுக்குள் பேத்தியின் சட்டைப் பொத்தான் ஒன்று உடைந்த பாதியாகக் கிடந்தது. அதன் கூரிய முனையின் மேல் ஒரு மணி நேரம் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருப்பதை அன்றுதான் அறிந்தேன். ஆறு வாரம் ஆயிற்று அந்தப் புண் ஆற. அதிலிருந்து ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் போடுவதில்லை. மாடித் தோட்டத்தில்கூடச் செருப்பில்லாமல் நிற்பதில்லை. நடப்பதை நான் நிறுத்தவில்லை. நீங்கள் மைதானத்துக்குத் திரும்பும்போது செருப்போடு போகாமல் விரலை மூடும் ஷூவோடு போங்கள். முக்கால் கிலோ இரும்பு காலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

பொழுதுபோக்கு தேவையா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அக்காவைச் சொல்லலாம். குருசுக்குப்பத்தில் இருக்கிறார், வயது 78, இன்சுலின் போடுகிறார். மாலையில் திண்ணையில் முல்லை அரும்பும் வாழைநாருமாக உட்கார்ந்து பூ தொடுப்பது அவருடைய வேலை, வழிபாடு, ஊர்வம்பு மூன்றும். ஒருகாலத்தில் சுகர் பார்க்க விரல் நுனியின் நடுவிலேயே குத்திக் குத்தி, நார் பட்டாலே எரிகிறது என்று தொடுப்பதையே விட்டுவிட்டார். விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு, நுனி வேலைக்கு மிஞ்சும் என்று ஒரு செவிலியர் பெண் சொல்லிக்கொடுத்தார். இப்போது இடது கை மோதிர விரலின் ஓரம் சுகருக்கு, மற்றவை முல்லைக்கு. அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தெருவில் போகிறவர்கள் யாரும் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பதில்லை, "முழம் என்ன விலை அக்கா?" என்றுதான் வம்புக்கு இழுக்கிறார்கள். வீட்டுக்குள் நாம் நோயாளிகளாகிவிடுகிறோம். ஒரு காலத்தில் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்த மனைவி மக்கள் இப்போது எண்ணை விசாரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். நம்மை எண்ணாகப் பார்க்காத ஓர் இடம் நாளில் ஒரு மணி நேரமாவது வேண்டும். உங்களுக்கு அது மைதானம்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் உள்ளோர் புதுச்சேரியில் 26.3 விழுக்காடு, கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே நாம்தான். ஆகவே உங்கள் அணியில் நீங்கள் மட்டும்தான் இந்த நோய்க்காரர் என்று எண்ணிக் கூச வேண்டாம். உங்களுக்கு லோ சுகர் வரும் என்பதை ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை மடித்த பொட்டலமோ, தண்ணீர் பாட்டிலோடு இருக்கட்டும். கடலை மிட்டாய் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வியர்த்தால் ஆட்டத்தை நிறுத்தி, கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மீண்டும் சோதியுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அதனால் வியர்வையை நம்புங்கள். குனிந்தால் தலை சுற்றுகிறது என்றால், கயிற்றின் நுனியில் காந்தம் கட்டி நின்றபடியே குண்டைத் தூக்கும் முதியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் சில நாட்கள் மகனை மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். தடை போட்டவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மெஷினில் அவரே பார்க்கட்டும். ஒரு வாரத்துக் கணக்கு அவர் கையெழுத்தில் இருந்தால் வீட்டில் வாதம் குறையும்.

பரணிலிருந்து குண்டுகளை இறக்கியதும் கொஞ்சம் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் நான்கு மாதம் என்பது இரும்புக்கு அதிகம், துருப் பிடித்திருக்கும். தேங்காயெண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும்.

அன்புடன்.