பாலை நிறுத்துவது பாதிச் சோதனைதான்

கேள்வி: மகனுக்கு 10 வாரம். தாய்ப்பால் மட்டுமே. மலத்தில் சளியோடு நூல் நூலாக ரத்தம் வருகிறது. எடை ஏறுகிறது, நன்றாகச் சிரிக்கிறான். பசும்பால் அலர்ஜியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். பசும்பாலே கொடுக்காத குழந்தைக்கு அது எப்படி வரும்? ரத்தப் பரிசோதனையிலும் அலர்ஜி இல்லை என்றே வந்திருக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் குடிக்கும் பாலின் புரதம் துளி அளவில் தாய்ப்பாலுக்குள் வந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளை அது ஒன்றும் செய்யாது. சிலருக்குப் பெருங்குடலின் உள்சுவர் சிவந்து ரத்தம் கசியும். அந்த ரத்தப் பரிசோதனை தேடுவது 'ஐஜிஇ' என்ற எதிர்ப்பொருளை. குடலோடு நிற்கும் இந்த வகையில் அதற்குப் பங்கில்லை. எனவே 'இல்லை' என்ற முடிவை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. ஆசனவாய் வெடிப்பு, தொற்று இரண்டும் இல்லையென்று டாக்டர் பார்த்துவிட்டாரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது நீங்கள் சாப்பிடும் பாலைத்தான், 2 முதல் 4 வாரம். டீ, காபி, தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், பால்கோவா எல்லாம் அதில் சேரும். நெய்யிலும் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அந்த நாட்களுக்கு நல்லெண்ணெய் போதும். பலர் கோட்டை விடுவது பிஸ்கட், பன், ரஸ்க், சத்து பானப் பொடி ஆகியவற்றில்தான். லேபிளில் பால் திடப்பொருள், அல்லது பால் புரதங்களான வே, கேசின் என்று எது இருந்தாலும் பால்தான்.

ரத்தம் நின்றதும் 'சரியாகிவிட்டது, இனி பாலே வேண்டாம்' என்று இருந்துவிடாதீர்கள். இந்த ரத்தம் பல குழந்தைகளுக்குத் தானாகவும் நின்றுவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினம் ஒரு டம்ளர் பால் வீதம் ஒரு வாரம் குடித்துப் பாருங்கள். ரத்தம் திரும்பினால்தான் அலர்ஜி உறுதி. திரும்பாவிட்டால் நீங்கள் காரணமில்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியத்துக்குத்தான் பஞ்சமே இல்லையே!

அலர்ஜி உறுதியாகி நீங்கள் பாலைத் தவிர்த்தால், நாளுக்கு 1000 மி.கி.க்குக் குறையாமல் உங்களுக்குக் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மி.கி. கிடைக்கும், எள், முருங்கைக்கீரை, நெத்திலியும் உதவும். மிச்சத்துக்கு மாத்திரைதான். அதை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரும்பு உடலில் சரியாகச் சேராது.

கேள்வி: பசும்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பால் கொடுக்கலாமா? நன்றாகச் சுண்டக் காய்ச்சினால் போதுமா?
- வாசகர், தேனி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆடு, எருமைப் பால்களின் புரதம் பசும்பாலை அப்படியே ஒத்தது. பசும்பாலுக்கு அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. கேசின் கொதிக்கவைத்தாலும் அழியாது. 'லாக்டோஸ் இல்லாத' பால்மாவும் உதவாது: அதில் நீக்கப்பட்டது சர்க்கரை, புரதம் அப்படியே இருக்கிறது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த பால்மாவை டாக்டர் எழுதித் தருவார். கசக்கும், விலையும் அதிகம். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால், புரதத்தை அதன் அடிப்படைக் கூறுகளாகவே கொண்ட அமினோ அமில மாவு. சோயாவை 6 மாதத்துக்கு முன் தொட வேண்டாம்.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்குத் தயிர்சாதம் ஊட்டிய பத்தே நிமிடத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு, வாந்தி. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: வீட்டில் கூடாது. இது உடனடி வகை. முதல் கேள்வியில் சொன்ன ஒரு டம்ளர் சோதனை இதற்குப் பொருந்தாது. தோல் பரிசோதனையும் ஐஜிஇ பரிசோதனையும் இங்கேதான் பயன்படும். மறுபடி கொடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில் மட்டுமே. தெரியாமல் சாப்பிட்டு மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, குழந்தை துவண்டாலோ 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து; அலர்ஜி சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.