மின்தாள் திரைக் கைபேசி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மெய்ப்பு பார்ப்பது என் தொழில். ஒற்றையும் புள்ளியையும் தேடித் தேடியே நாள் கழியும். நான்கு ஆண்டுகளாக, காகிதம் போலத் தோன்றும் மின்தாள் (இ-இங்க்) திரை உள்ள கைபேசிதான் வைத்திருக்கிறேன், இது இரண்டாவது. வாங்கப்போகிறவர்களும் வாங்கிவிட்டுத் திணறுகிறவர்களும் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒன்றாக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா, கிண்டில் மின்நூல் கருவியில் இருக்கும் அதே திரையா? சாதாரணக் கைபேசியில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் போதாதா?

அதே குடும்பம்தான். திரைக்குள் மிக நுண்ணிய உறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிவான திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்புலம் மாறினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அவ்வளவுதான். மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும். அதைப் பிடித்து வைக்க மின்சாரம் வேண்டாம். இதை வளர்த்தெடுத்த இ-இங்க் நிறுவனம் 1997இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து கிளம்பியது. கைபேசிக்கும் இது புதிதல்ல: 2006இலேயே மோட்டோரோலா எஃப்3 வந்தது, 2013இல் ஒரு பக்கம் சாதாரணத் திரையும் மறுபக்கம் மின்தாளுமாக யோட்டாஃபோன் வந்தது.

வெளிச்சத்தைக் குறைப்பது வேறு, இது வேறு. சாதாரணத் திரை தன் வெளிச்சத்தை உங்கள் முகத்தில் அடிக்கிறது. இது சுற்றியிருக்கும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, காகிதம் போல. நடுவெயிலில் வெளியே கொண்டுபோனால் எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரியும். சாதாரணத் திரையோ அதே வெயிலில் மங்கிப்போகும்.

புதிதாக வாங்கினேன். வாட்ஸ்அப்பில் ஒரு உரையாடலை மூடி இன்னொன்றைத் திறந்தால் பழைய எழுத்து மங்கலாகப் பின்னால் தெரிகிறது. அவ்வப்போது திரை முழுக்கக் கறுத்து வெளுக்கிறது. பழுதான பீஸா? திருப்பிக் கொடுத்துவிடவா?

திருப்பிக் கொடுக்காதீர்கள். பழுது இல்லை, திரையின் இயல்பே அதுதான். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துகள் ஒன்று மேலிருந்து கீழே போக நேரம் எடுக்கும். கறுப்பு முதல் வெள்ளை வரையிலான 16 சாம்பல் நிலைகளும் சுத்தமாக வர வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை முழுதாக மாற்ற ஏறக்குறைய அரை நொடி பிடிக்கும். அப்போதுதான் அந்தக் கறுப்பு வெள்ளைப் பளிச்சல். பழைய துகள்களை எல்லாம் உதறிவிட்டுப் புதிதாக அடுக்குகிறது. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாத இடத்தில், வெறும் கறுப்பு, வெறும் வெள்ளை என்று இரண்டே நிலையில் அவசரமாக எழுதும் முறை ஒன்று உண்டு. பொறியாளர்கள் ஏ2 என்பார்கள்; உங்கள் கைபேசியில் 'வேகம்' என்றோ 'மிகுவேகம்' என்றோ பெயர் இருக்கும். வேகம் கிடைக்கும், ஆனால் உதறல் இல்லாததால் பழைய பக்கத்தின் நிழல் படியும்.

ஆக, வேகமும் தெளிவும் ஒன்றாகக் கிடைக்காது. எந்த ஆப்புக்கு எது வேண்டும் என்பதை நீங்கள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான மின்தாள் கைபேசிகளில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக இதை வைக்கலாம். நான் வைத்திருப்பது: புத்தகம், மின்னஞ்சல், செய்தி படிப்பதற்குத் தெளிவு முறை, வாட்ஸ்அப், வரைபடம் இரண்டுக்கும் நடுத்தரம், தட்டச்சு நிறைய அடிக்கும் குறிப்பேட்டுக்கு வேகம். நிழல் தேங்கினால் துடைக்க, பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தினால் முழு ரெஃப்ரெஷ் ஆகும்படி அமைத்திருக்கிறேன்.

இன்னும் மூன்று விஷயம் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே அனிமேஷன் அளவுகள் மூன்றையும் நிறுத்துங்கள். திரை நழுவி நழுவித் திறப்பது நின்றாலே பாதி நிழல் காணாமல் போகும். இரண்டாவது, வாட்ஸ்அப் பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு வெறும் வெள்ளையாக்குங்கள். மூன்றாவது, டார்க் மோடு வேண்டாம். கறுப்புப் பரப்பில் நிழல் இன்னும் மோசமாகத் தெரியும்.

மேடம், ஆங்கிலம் நன்றாகத் தெரிகிறது, தமிழ் மட்டும் வெளிறிப்போய் உடைந்த மாதிரி இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. தமிழில் படிக்கிறவர்கள்தான் இதைச் சொல்ல முடியும்.

சாதாரணத் திரையில் வளைவுகள் வழுவழுப்பாகத் தெரிவதற்குக் காரணம், எழுத்தின் ஓரத்தில் இழையும் சாம்பல் புள்ளிகள். வேக முறையில் சாம்பலே கிடையாது. நேர்கோடுகள் நிறைந்த எழுத்துக்குப் பெரிய இழப்பில்லை. நம் எழுத்தோ வளைவும் சுழியுமானது. 'ண'வின் மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புள்ளி போயே போய்விடும். 'பல்' என்பது 'பல' ஆகும், 'கண்' என்பது 'கண' ஆகும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் அந்தத் தலைச்சுழியில்தான் இருக்கிறது. அது அடைந்துபோனால் 'கெடு' எது, 'கேடு' எது என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு முறை வேக முறையிலேயே அரை மணி நேரம் மெய்ப்பு பார்த்து, ஒற்று விட்டுப்போனதாக ஒன்பது இடம் குறித்தேன். கணினியில் திறந்து பார்த்தால் ஏழு இடத்தில் ஒற்று ஒழுங்காக இருந்தது. அன்றிலிருந்து தமிழ் படிக்கும் எந்த ஆப்பையும் வேக முறையில் வைப்பதில்லை.

செய்ய வேண்டியது: எழுத்தின் அளவை ஒரு படி கூட்டுங்கள். ஆண்ட்ராய்டு 12க்குப் பின் வந்தவற்றில் எழுத்தைத் தடிப்பாக்கும் வசதி காட்சி அமைப்புகளில் உண்டு. அதைப் போடுங்கள், என் கைபேசியில் தமிழுக்கும் அது வேலை செய்கிறது. புத்தக ஆப்பில் தடிமனான, சீரான கோடுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வரும் அழகான எழுத்துருக்கள் அச்சில் நன்றாக இருக்கும், இங்கே மெல்லிய கோடு கரைந்துவிடும். திரைக்கென்றே கருமையைக் கூட்டும் வசதி இருந்தால் அதையும் தொட்டுப் பாருங்கள். ரொம்பக் கூட்டினால் சுழிகள் மறுபடி அடைந்துகொள்ளும்.

மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிவப்பில் போட்ட திருத்தங்கள் கறுப்பு வெள்ளைத் திரையில் மூல எழுத்தோடு எழுத்தாகக் கலந்துவிடும். திருத்தத்துக்கு அடிக்கோடு போடச் சொல்லிவிடுங்கள்.

எனக்குத் திரை பார்த்தாலே தலைவலி. இது வாங்கினால் தீருமா?

தீரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்ணாடி மாற்ற வேண்டியதாகவும் இருக்கலாம். இன்றைய கைபேசிகளில் பரவலாக உள்ள ஓஎல்இடி வகைத் திரைகள் பல, வெளிச்சத்தைக் குறைக்க வேகவேகமாக அணைந்து எரிகின்றன. அந்தத் துடிப்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; உங்களுக்கும் அப்படியென்றால் மின்தாள் பெரிய நிம்மதி தரும். நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்று பயந்து வாங்காதீர்கள்; திரையின் நீல ஒளி கண்ணுக்குச் சேதம் செய்வதாகச் சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியே சொல்கிறது. திரை பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவை இரண்டும் எந்தத் திரையிலும் உண்டு. இதிலும் அவ்வப்போது தலையைத் தூக்கித் தூரத்தில் பார்க்கத்தான் வேண்டும்.

என் அனுபவம் கேட்டால், மாலையில் கண் எரிச்சல் குறைந்தது. திரையின் மீது ஒளி பாய்ச்சும் முன்விளக்கைப் பகலில் அணைத்தே வைப்பேன். இரவில் மஞ்சள் விளக்கை மிகக் குறைவாக.

சார்ஜ் ஒரு வாரம் நிற்குமாமே?

கிண்டிலுக்கு வாரக்கணக்கு. கைபேசிக்கு அப்படி எதிர்பார்க்காதீர்கள். திரை மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆனால் சிக்னல், வைஃபை, பின்னால் ஓடும் ஆப்கள் எல்லாம் வழக்கம்போலச் சாப்பிடுகின்றன. படிப்பு மட்டும் என்றால் எனக்கு மூன்று நாள் வரும். முன்விளக்கும் வேக முறையும் சேர்ந்து ஓடினால் ஒன்றரை நாள்.

வங்கி ஆப், க்யூஆர் எல்லாம் வேலை செய்யுமா, அக்கா?

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இதுதான். வங்கி ஆப்கள் பல, கைபேசி கூகுளின் சான்று பெற்றதா என்று சோதித்துவிட்டுத்தான் திறக்கும். ஹைசென்ஸ் ஏ9 போன்றவை சீனச் சந்தைக்கென்றே வந்தவை. கூகுள் சேவைகளே இல்லாமல் வரும். அப்படிப்பட்ட கருவியின் அடையாள எண்ணைக் கூகுளில் பதிந்தால் ப்ளே ஸ்டோர் திறக்கலாம், வங்கி ஆப் திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ரூட் செய்தால், அதாவது கைபேசியின் காவலைத் திறந்து முழு அதிகாரம் எடுத்துக்கொண்டால், இன்னும் சிக்கல். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் வங்கி ஆப்பைப் போட்டு, உள்ளே நுழைந்து, ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

க்யூஆரைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல திரை கிடையாது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே, கண் கூசும் வெயிலிலும் ஸ்கேனர் உடனே பிடித்துக்கொள்ளும். இருட்டில் மட்டும் முன்விளக்கைப் போட வேண்டும். மற்றவர் க்யூஆரை நீங்கள் ஸ்கேன் செய்ய கேமரா வேண்டும். எல்லா மாதிரியிலும் கேமரா கிடையாது.

வீடியோ பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

படம் ஓடும், பார்க்கப் பிடிக்காது. எடுத்த புகைப்படத்தில் நிறம் சரியா என்று இதில் சொல்ல முடியாது. இரண்டும் முக்கியமென்றால் பழைய கைபேசியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வண்ண மின்தாள் வந்துவிட்டதே, அதையே வாங்கலாமா?

இ-இங்க் நிறுவனத்தின் வண்ணத் திரையான கலெய்டோ 3, 4096 நிறம் காட்டும். கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, நிறத்துக்கு 150தான். நிறம் வருவதற்காக மேலே ஒரு வடிகட்டிப் படலம் இருப்பதால் 'வெள்ளை'யே கொஞ்சம் சாம்பலாகத்தான் தெரியும். முன்விளக்கு இல்லாமல் அறைக்குள் படிப்பது சிரமம். வரைபடமும் விளக்கப்படமும் நிறையப் பார்க்கிறவர்களுக்குச் சரி. எழுத்துக்காக வாங்குகிறீர்களா, கறுப்பு வெள்ளையே வாங்குங்கள்.

எதை வாங்குவது, தெளிவாகச் சொல்லுங்களேன்.

முதலில் பெயர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிசிஎல்லின் 'நெக்ஸ்ட்பேப்பர்' பளபளப்பு நீக்கிய எல்சிடி, மின்தாள் அல்ல. ஆனிக்ஸ் பூக்ஸ் பால்மா பார்க்கக் கைபேசி மாதிரியே இருக்கும், 2023இல் வந்த முதல் மாதிரியிலும் அடுத்து வந்த பால்மா 2இலும் சிம் போட இடமே இல்லை. பேசவும் வேண்டும் என்றால் பிக்மீ ஹைபிரேக் ப்ரோ போன்றவை. விசைப்பலகையோடு வரும் மினிமல் ஃபோன் 4.3 அங்குலம், முடிட்டா கொம்பாக்ட்டும் அதே அளவு, ஆனால் கூகுள் இல்லாமல் வரும். லைட் ஃபோனின் இரண்டாம் தலைமுறை மின்தாள், மூன்றாம் தலைமுறை ஓஎல்இடிக்கு மாறிவிட்டது.

எதுவானாலும் உங்கள் நெட்வொர்க்கின் அலைவரிசைகள் அதில் இருக்கின்றனவா, 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகுமா என்று பாருங்கள். இணையம் வேலை செய்து அழைப்பு மட்டும் வராமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

கீழே விழுந்தால் தாங்குமா?

விழுவதைவிட அழுத்தத்துக்குப் பயப்படுங்கள். பெரும்பாலானவற்றில் மின்தாள் படலத்துக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. மேல் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாமல் அடிக் கண்ணாடி விரிசல் விடும். என் முதல் கைபேசி போனது அப்படித்தான். பையில் சாவிக்கொத்தோடு கிடந்தது, மேலே கனமான புத்தகக் கட்டு. எடுத்துப் பார்த்தால் திரையின் இடது மூலையிலிருந்து நேர்நேராகக் கோடுகள். கோட்டுக்கு அந்தப் பக்கம் முந்தின நாள் படித்த பக்கம் அப்படியே உறைந்து நின்றது. மாற்றுத் திரை கிடைக்கவே இல்லை. மூடியுள்ள உறை போடுங்கள், பையில் தனி அறையில் வையுங்கள்.

கடுங்குளிரில் திரை மந்தமாகும்; உள்ளே இருக்கும் திரவம் தடித்துத் துகள் மெதுவாக நகர்கிறது. கதகதப்பானால் சரியாகிவிடும்.

ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் இதனால் போகுமா, சகோதரி?

சுவை குறையும். விரல் தள்ளத் தள்ளத் திரை பின்தங்கும்போது மனம் தானாக விலகிவிடும். ஆனால் பக்கத்தில் இன்னொரு கைபேசி இருந்தால் கை அங்கே போகும். அதற்கு இந்தத் திரை ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆப்பை இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீண்ட கட்டுரை படிக்கும்போது ஸ்க்ரோல் செய்தால் எழுத்தெல்லாம் கலங்கிக் கண் சுற்றுகிறது.

தள்ளாதீர்கள், புரட்டுங்கள். இந்தத் திரைக்கு நகர்வது பிடிக்காது, நிற்பது பிடிக்கும். இஇங்க்ப்ரோ (EinkBro) என்ற இணைய உலாவி இதற்கென்றே எழுதப்பட்டது; ஒலிப் பொத்தானை அழுத்தினால் ஒரு திரை அளவு அப்படியே கீழே போகும். புத்தகத்துக்குக் கேஓரீடர் என்ற ஆப், அதிலும் ஒலிப் பொத்தானால் பக்கம் திரும்பும், எத்தனை பக்கத்துக்கு ஒரு முறை முழு ரெஃப்ரெஷ் வேண்டும் என்பதையும் வைக்கலாம். எனக்கு ஆறு பக்கத்துக்கு ஒன்று போதுகிறது. நிறைய படம் உள்ள புத்தகமென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.