புரோகிரஸ் சரக்கு விண்கலம்: கேள்வி பதில்

பள்ளி மாணவர்: ரஷ்யாவின் புரோகிரஸ் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு என்னென்ன எடுத்துச் செல்கிறது?

பதில்: உணவு, உடை, மருந்து, ஆய்வுக் கருவிகள், தண்ணீர், எரிபொருள் என ஏறக்குறைய இரண்டரை டன். ஆளில்லாக் கலம் இது. 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் அன்றைய விண்வெளி நிலையமான சல்யுட் 6-க்கு முதல் புரோகிரஸ் போனது.

பொறியியல் மாணவி: கஜகஸ்தானிலுள்ள பைக்கனூர் ஏவுதளத்தில் ஏவும் நேரம் சற்றுத் தவறினாலும் ஒத்திவைத்துவிடுகிறார்களே, ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நிலையத்தின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தப் பாதையின் தளம் வானில் ஏறக்குறைய அப்படியே நிற்க, அதனடியில் பூமி சுழல்கிறது. பைக்கனூர் அந்தத் தளத்தின் கீழ் வந்து சேரும் வேளையில் சோயுஸ் ராக்கெட் கிளம்பியாக வேண்டும். தவறவிட்டால் கலம் வேறொரு தளத்தில் சுற்றத் தொடங்கும். தளத்தைத் திருப்புவதைப் போல எரிபொருளை விழுங்கும் வேலை வேறில்லை. அந்த வேளையில் நிலையமும் தோதான இடத்தில் இருந்தால் யோகம்தான். 2018 ஜூலையில் ஒரு புரோகிரஸ் நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இல்லையென்றால் இரண்டு நாள் துரத்த வேண்டும்.

ஆசிரியர் ஒருவர்: மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் மோதாமல் எப்படி இணைகிறது?

பதில்: இரண்டும் அதே வேகத்தில் ஓடுவதால், கடைசியில் நெருங்கும் வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். குர்ஸ் என்ற ரேடியோ கருவி தானாகவே வழிநடத்துகிறது. ஆனால் ஆபத்து இல்லாமல் இல்லை. 1997 ஜூன் 25 அன்று, குர்ஸ் இல்லாமல் கையால் இயக்கிப் பார்த்த சோதனையில், ஒரு புரோகிரஸ் ரஷ்யாவின் அன்றைய மிர் விண்வெளி நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதியது. காற்று கசிந்தது. நிலையத்தில் இருந்த மூவரும் அந்தப் பகுதியின் வாசலுக்குக் குறுக்கே ஓடிய கம்பிகளைப் பிடுங்கி, கதவை அடைத்து உயிர் தப்பினார்கள்.

வாசகி: சரக்கு வராவிட்டால் பட்டினியா?

பதில்: இல்லை, சில மாதங்களுக்கான இருப்பு எப்போதும் உண்டு. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் அன்டாரெஸ் ராக்கெட், 2015 ஏப்ரலில் புரோகிரஸ், ஜூனில் அமெரிக்காவின் ஃபால்கன் 9 ராக்கெட் என எட்டே மாதத்தில் மூன்று சரக்குகள் பறிபோயின. ஜூலையில் அடுத்த புரோகிரஸ் சேர்ந்தது. ஒரே நாட்டை, ஒரே ராக்கெட்டை நம்பாததே அன்று காப்பாற்றியது.

கல்லூரி மாணவர்: சரக்கை இறக்கிய பிறகு?

பதில்: பல மாதங்கள் அங்கேயே ஒட்டியிருக்கும். மெல்லிய காற்றின் இழுவையால் தாழ்ந்துகொண்டே வரும் நிலையத்தை அவ்வப்போது தன் எஞ்சினால் மேலே தள்ளிவிடும். பிறகு குப்பையைச் சுமந்து இறங்கி எரிந்துபோகும். எஞ்சிய துண்டுகள் தென் பசிபிக்கில் விழும். ஆய்வு மாதிரிகளைப் பெருமளவில் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர அமெரிக்காவின் டிராகன் கலம் வேண்டும்.